வானொலியில் சம்பாஷணை



இந்த வருஷத்து அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு உரிய விஷயத்தை நானே தெரிந்தெடுத்துக்கொள்ளலாம் என்று குழுவினர் பெருந்தன்மையோடு அனுமதித்தபோது, வானொலியைப் பற்றிப் பேசுவதென்று தீர்மானிக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஆயினும் அதன் சங்கீதத்தையும் நாடகத்தையும் விட்டுவிட்டு, இருவரோ மூவரோ கூடி நாட்டு நடப்பையும் ஊர் விவகாரத்தையும் வீட்டுச் சமாசாரத்தையும் பேசிக்கொள்ளும் வெறும் சம்பாஷணையைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று கேள்விப்பட்டவுடன், என் நண்பர்கள் சிலர் சற்றே ஏமாற்றம் அடைந்தார்கள். சங்கீதத்துக்கு இலக்கணம் உண்டு, நாடகத்துக்கு மரபு உண்டு, பேச்சுக்கு என்ன இருக்கிறது என்பது அவர்களுடைய கேள்வி. நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். வானொலிப் பேச்சின் உயிர், பேசுகிறவருடைய சாமர்த்தியத்தில் இருப்பதைக் காட்டிலும், கேட்கிறவருக்கு அந்தப் பேச்சில் எவ்வளவு பாத்தியதை கொடுக்கப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது. அந்தப் பாத்தியதை நம் தேசத்தில் ஒரு காலத்தில் கொடுக்கப்பட்டது, கண்கூடான பலனையும் தந்தது, பிறகு கவனிப்பார் இல்லாமல் கைநழுவிப் போயிற்று என்பதே என் வழக்கு.

பேச்சுக்கு இலக்கணம் இல்லை என்று தமிழர்கள் சொல்வது பொருந்தாது. செய்யுளுக்கு உறுப்புகள் 34 என்று வகுக்கும் தொல்காப்பியச் செய்யுளியல், ஒருவர் கூறும் கூற்றை ஓர் உறுப்பாக வைத்த கையோடு, அதைக் கேட்போரையும் தனியே ஓர் உறுப்பாக வைத்து எண்ணுகிறது. அகப்பாட்டில் தோழி ஒரு வார்த்தை சொன்னால், அது தலைவியை நோக்கிச் சொன்னதா, வேலிக்கு வெளியே மறைந்து நிற்கும் தலைவன் காதில் விழட்டும் என்று சொன்னதா என்று நிச்சயித்த பிறகே உரைகாரர்கள் பொருள் சொல்லத் துணிவார்கள். சிறைப்புறமாக நிற்கும் அந்தத் தலைவனுடைய ஸ்தானத்தைப் போன்றதுதான் வானொலி நேயருடைய ஸ்தானமும். ஒலிபரப்புக் கூடத்துக்குள்ளே இருவர் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் பேசுவதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத மூன்றாமவர் ஒருவருக்காகவே. அந்த மூன்றாமவர் என்றைக்கும் வேலிக்கு வெளியிலேயே நிற்க வேண்டியவர்தானா, உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வழி உண்டா என்ற கேள்வியைச் சுற்றித்தான் ஒலிபரப்பின் சரித்திரம் முழுவதும் சுழன்று வந்திருக்கிறது.

நம்மவர்களுக்கு மேடைப் பிரசங்கத்தில் உள்ள மோகம் பிரசித்தமானது. சுதேசிக் கிளர்ச்சிக் காலம் தொட்டுக் கடற்கரை மணலிலும் கோயில் முன்றிலிலும் வளர்ந்து, திரு. வி. க.வின் நாவில் ஒரு வடிவமும் அண்ணாதுரையின் நாவில் வேறொரு வடிவமும் எய்திய அந்தக் கலை, ஆயிரக்கணக்கான ஜனங்கள் ஒரே இடத்தில் கூடியிருப்பதைத் தனக்கு ஆதாரமாகக் கொண்டது. கரகோஷம் எழுந்தால் பேச்சாளர் ஒரு படி மேலே போவார். எழாவிட்டால் வேறொரு அஸ்திரத்தை எடுப்பார். ஒலிவாங்கியின் முன் தனியே உட்கார்ந்தவருக்கு இந்த வசதி எதுவும் இல்லை. அவருடைய பேச்சைக் கேட்பவர்கள் லட்சம் பேராக இருக்கலாம். ஆயினும் அந்த லட்சம் பேரும் ஒரு கூட்டமாகச் சேர்ந்திருக்கவில்லை, ஒவ்வொருவராக, அவரவர் கூடத்திலும் கடையிலும் கட்டிலிலும் இருக்கிறார்கள். கூட்டத்தை நோக்கி எழுப்பும் குரலைத் தனியாக இருக்கும் ஒருவருடைய காதில் கொண்டு விட்டால், அவர் கையை நீட்டித் திருகியைத் திருப்பி விடுவார்.

இதை முதலில் தெளிவாக உணர்ந்தவர்களில் ஒருவர், 1927 முதல் 1932 வரை லண்டன் பி.பி.சி. ஸ்தாபனத்தில் பேச்சுப் பகுதியின் முதல் இயக்குநராக இருந்த ஹில்டா மாத்திஸன் என்ற அம்மையார். பெரிய எழுத்தாளர்களும் அரசியல்வாதிகளும் அவரிடம் வந்து, பத்திரிகைக்கு எழுதிய வியாசத்தையோ பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கத்தையோ ஒலிவாங்கியின் முன் அப்படியே ஒப்பிக்க முற்பட்டபோது, இரண்டுமே இங்கே செல்லுபடியாகா என்று அவர் கண்டார். எழுதி வைத்துக்கொண்டு படித்தாலும் எதிரே இருக்கும் ஒருவரோடு பேசுவதுபோல் தொனிக்க வேண்டும் என்று வற்புறுத்தி, வந்தவர்களை உட்காரவைத்து ஒத்திகை பார்த்து, வாக்கியங்களை உடைத்துத் திருத்தினார். அவர் கண்ட உண்மையை அரசியலில் பிரயோகித்துப் பெரும் பயன் பெற்றவர் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட். 1933 மார்ச் 12-ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் பாங்குகளெல்லாம் மூடிக் கிடந்த சமயத்தில், பாங்கு என்பது எப்படி நடக்கிறது, உங்கள் பணத்தை அது என்ன செய்கிறது, ஏன் மூடினோம், எப்படித் திறக்கப்போகிறோம் என்று 14 நிமிஷங்களுக்கு உட்பட்டு அவர் பேசினார். மறுநாள் பாங்குகள் திறக்கத் தொடங்கியபோது, முந்திய வாரங்களில் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிய ஜனங்களில் பலர் அதைத் திரும்பக் கொண்டுவந்து கட்டினார்கள்.

நம் தேசத்தில் இதற்கு இணையான ஒரு சந்தர்ப்பத்தை எடுத்துக்காட்டச் சொன்னால், 1947 நவம்பர் 12-ஆம் தேதி மகாத்மா காந்தி டில்லி ஒலிபரப்பு நிலையத்துக்கு வந்து, குருக்ஷேத்திர முகாமில் தங்கியிருந்த அகதிகளோடு பேசியதைச் சொல்வேன். நிலையத்துக்குள் வந்து அவர் ஒலிபரப்பியது அந்த ஒரு தடவைதான். நேரில் போக முடியாத காரணத்தால் யந்திரத்தின் மூலம் போனாரே ஒழிய, யந்திரத்தில் அவருக்குப் பிரீதி இருந்ததாகச் சொல்ல முடியாது. யாரோடு பேசுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வானொலிப் பேச்சாளர்களில் அநேகருக்கு இது தெரிவதில்லை என்பதை இடையிலே சொல்லி வைக்கிறேன்.

தமிழ்நாட்டு ஒலிபரப்பின் பூர்வ கதை சுவாரஸ்யமானது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924-இல் அமைந்த சென்னை மாகாண ரேடியோ கிளப், 40 வாட் சக்தியுள்ள ஒரு கருவியை வைத்துக்கொண்டு அவ்வருஷம் ஜூலை மாத முடிவில் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. மூன்று வருஷத்தில் பணமுடை வந்துவிடவே, கருவியை அவர்கள் சென்னை நகரசபைக்குக் கொடுத்துவிட்டார்கள். நகரசபை 1930 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல், அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ஆம் தேதி திறக்கப்படும் வரையில், அந்தச் சேவையைத் தன் பொறுப்பிலேயே நடத்தி வந்தது. தெருவுக்கு விளக்குப் போடுவதும் குழாயில் தண்ணீர் விடுவதும் எப்படித் தன் கடமையோ அப்படியே ஜனங்களுக்குப் பாட்டும் பேச்சும் கேட்கச் செய்வதும் தன் கடமை என்று ஒரு நகரசபை எட்டு வருஷம் நினைத்திருந்தது என்பதை, இன்றைய நகரசபைகளின் நிலையை அறிந்தவர்கள் நம்புவது கடினம். அடுத்த வருஷம் மே 16-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியிலும் நிலையம் வந்தது.

நிலையங்கள் வந்தவுடன் எழுத்தாளர்கள் உள்ளே போனார்கள். சுகி சுப்பிரமணியன், மீ. ப. சோமசுந்தரம், சிட்டி என்ற சுந்தரராஜன், தி. ஜானகிராமன், அகிலன் என்று இப்பெயர் வரிசையைப் பார்த்தாலே, தமிழ் வசனத்தின் ஒரு பகுதி வானொலி உத்தியோகத்தின் நிழலில் வளர்ந்தது என்பது புலனாகும். காதுக்கு எழுதுவதென்பது எழுத்தாளனுக்கு நல்ல பயிற்சி. கண் ஒரு வாக்கியத்தைத் திரும்பிப் போய்ப் படிக்கலாம், காது திரும்பிப் போக முடியாது. ஆகையால் எழுவாய் எங்கே என்று தேட வைக்கும் வாக்கியத்தை வானொலி மன்னிக்காது. (என்னுடைய வாக்கியங்களின் நீளத்தை நினைத்துச் சிரிக்கும் மாணவ நண்பர்களுக்கு, இது அச்சில் வரப்போகிற சொற்பொழிவு என்பதே என் சமாதானம்.) யாழ்ப்பாணத்தில் பிறந்து, இலங்கை வானொலியில் பணியாற்றி, பிறகு லண்டன் பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் தமிழோசை என்று பெயர் சூட்டிய சோ. சிவபாதசுந்தரம், இக்கலையைப் பற்றி ஒலிபரப்புக் கலை என்ற பெயரில் ஒரு முழு நூலே எழுதினார். இத்துறையில் புகுகிற இளைஞர்கள் இன்றும் அதைத் தேடிப் படிக்கலாம்.

ஆனால் ஒரு குறை ஆதியிலிருந்தே இருந்தது. பேச்சு எழுத்து வடிவில் முன்கூட்டியே நிலையத்துக்கு வந்துசேர வேண்டும். அதிகாரி படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே ஒலிபரப்பு. தனிப் பேச்சுக்கு இது பெரிய ஹானி செய்யவில்லை. சம்பாஷணைக்குச் செய்தது. இருவர் பேசிக்கொள்வதை ஒருவரே எழுதி, மூன்றாமவர் திருத்தி, பிறகு அவ்விருவரும் படித்தால், அதற்குச் சம்பாஷணை என்ற பெயர் உபசாரமாகத்தான் பொருந்தும். கிராம நிகழ்ச்சிகளில் நிரந்தரப் பாத்திரங்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள்; ஒருவர் எல்லாம் தெரிந்தவர், மற்றவர் ஒன்றும் தெரியாதவர். தெரிந்தவர் உரத்தின் அளவைச் சொல்வார், தெரியாதவர் “அப்படிங்களா!” என்று ஆச்சரியப்படுவார், தெரிந்தவர் பூச்சிமருந்தின் பெயரைச் சொல்வார், தெரியாதவர் “நல்லவேளை சொன்னீங்க, நாளைக்கே போய் வாங்கிடறேன்” என்பார். நாற்பது வருஷம் மண்ணில் நின்ற எந்தக் குடியானவனும் அவ்வளவு சுலபத்தில் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. மருந்தின் விலை என்ன, கடன் யார் கொடுப்பார், போன வருஷம் நீங்கள் சொன்ன விதை ஏன் பொய்த்தது என்று அவன் கேட்டிருப்பான். அந்தக் கேள்விகளுக்கு எழுத்துப் பிரதியில் இடம் இல்லை.

அவற்றுக்கு இடம் கொடுத்துப் பார்த்த ஒரு பரீட்சை 1956-ஆம் வருஷம் பூனாவில் நடந்தது. இன்று நான் விரிவாகச் சொல்ல விரும்புவது அதைத்தான். அதற்கு முன்மாதிரி கனடாவில் இருந்தது. அங்கே 1941 முதல், பரந்த சமவெளிகளில் ஒருவருக்கொருவர் வெகுதூரத்தில் வசித்த விவசாயிகள் வாரத்துக்கு ஒருநாள் இரவு அண்டை வீட்டாரோடு கூடி, தபாலில் வந்த சிறு பிரசுரத்தைப் படித்து, வானொலியில் நடக்கும் விவாதத்தைக் கேட்டு, தங்களுக்குள் தர்க்கித்து, தாங்கள் கண்ட முடிவை எழுதி நிலையத்துக்கு அனுப்பி வந்தார்கள். படி, கேள், விவாதி, செய் என்ற நான்கு கட்டளைகளே அந்த இயக்கத்தின் கொடி. யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் உதவியோடு அகில இந்திய வானொலி அதே முறையை மராத்தி பேசும் 5 ஜில்லாக்களில், ஏறத்தாழ 150 கிராமங்களில், நடத்திப் பார்த்தது. ஒவ்வொரு கிராமத்திலும் இருபது பேருக்கு மிகாத ஒரு மன்றம். அதற்கு ஒரு தலைவர், ஓர் அமைப்பாளர். வாரம் இரண்டு நாள், நாளுக்கு அரைமணி வீதம் மொத்தம் 20 நிகழ்ச்சிகள். ஒலிபரப்பு முடிந்ததும் பெட்டியை நிறுத்திவிட்டு மன்றத்தார் பேச ஆரம்பிப்பார்கள். அவர்கள் பேசியதையும் கேட்க விரும்பியதையும் அமைப்பாளர் எழுதி நிலையத்துக்கு அனுப்புவார். அந்தக் கேள்விகளுக்கு அடுத்து வரும் நிகழ்ச்சிகளில் பதில் வரும்.

பம்பாய் டாட்டா சமூக விஞ்ஞான நிலையத்தின் சார்பில் இதை ஆராய்ந்த பால் நியூரத் என்ற அறிஞர், மன்றம் இருந்த கிராமங்களை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாமல், வானொலிப் பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத கிராமங்களையும், இரண்டுமே இல்லாத கிராமங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். மன்றம் இருந்த ஊர்களில் ஜனங்களுடைய அறிவு வியக்கத்தக்க அளவு உயர்ந்திருந்தது. மன்றம் இல்லாத ஊர்களில், பெட்டி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, சொல்லிக்கொள்ளும்படியான முன்னேற்றம் காணப்படவில்லை. இந்த முடிவின் பொருளைச் சற்றே நிதானித்து உணர வேண்டும். அதே நிலையம், அதே குரல், அதே செய்தி; ஆயினும் கேட்ட பிறகு பேசுவதற்கும், பேசியதைத் திருப்பி அனுப்புவதற்கும் ஏற்பாடு இருந்த இடத்தில்தான் வானொலி தன் வேலையைச் செய்தது. பேச ஏற்பாடு இல்லாத இடத்தில் பெட்டி இருப்பதும் ஒன்றுதான், இல்லாமற்போவதும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் இதன் உண்மையை மெய்ப்பித்தது தஞ்சாவூர். தீவிர விவசாயத் திட்டத்துக்கென்று 1960-ஐ ஒட்டி முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 7 ஜில்லாக்களில் அதுவும் ஒன்று. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் ஜப்பானிய நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் இணைத்துப் பெற்ற ஏ.டி.டி. 27 என்ற குறுகிய காலக் குறுவை ரகம் அறுபதுகளின் நடுவில் வெளிவந்தபோது, திருச்சி வானொலி அதைப் பற்றி விடாமல் பேசிற்று. விதைப்பது முதல் அறுப்பது வரை அந்தந்தப் பருவத்தில் அந்தந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது. விவசாயிகளையே பேச வைத்தது. சர்க்கார் காகிதங்களில் அந்த நெல்லுக்கு எண் இருந்தது. குடியானவர்கள் அதை ‘ரேடியோ நெல்’ என்று அழைத்தார்கள். எந்தப் பிரசங்கிக்கும் இதைப் போன்ற ஒரு பட்டம் கிடைத்ததில்லை. வேளாண்மைப் பட்டதாரியாக வானொலிக்கு வந்த தென்கச்சி கோ. சுவாமிநாதன், பின்னாளில் ‘இன்று ஒரு தகவல்’ என்று தினந்தோறும் காலையில் சில நிமிஷம் தனியே பேசியும் கேட்பவர்களுக்குத் தங்களிடமே பேசுகிறார் என்ற பிரமையை உண்டாக்கினாரென்றால், வயலோரத்தில் நின்று குடியானவர்களிடம் கேள்வி வாங்கிய பழக்கம் அவர் குரலில் தங்கியிருந்ததே அதற்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

பூனாவின் முறை 1959-இல் தேசம் முழுவதற்கும் விஸ்தரிக்கப்பட்டது. சில வருஷங்களில் வாடிப்போயிற்று. பெட்டி பழுதானால் பார்ப்பார் இல்லை, மன்றத்தார் அனுப்பிய கேள்விக்குக் காலத்தில் பதில் இல்லை. கேட்டவனுக்குப் பதில் வராவிட்டால் அடுத்த தடவை அவன் கேட்கமாட்டான்.

இதுவரை நான் சொன்னதெல்லாம் நெல்லும் உரமும் பற்றியது. நாட்டு நடப்பைப் பற்றிய சம்பாஷணை என்ன ஆயிற்று? அகில இந்திய வானொலி தனக்கென்று வகுத்துக்கொண்ட ஒழுங்குவிதியில், ஓர் அரசியல் கட்சியைப் பெயர் சொல்லித் தாக்கக்கூடாது, மத்திய சர்க்காரையோ ராஜ்ய சர்க்காரையோ பகைமையோடு கண்டிக்கக்கூடாது என்பன போன்ற நிபந்தனைகள் இருந்தன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமாகவே தோன்றும். எல்லாவற்றையும் சேர்த்துக் கடைப்பிடித்தால் நாட்டு நடப்பைப் பற்றிப் பேச மிச்சம் ஒன்றும் இராது. விலைவாசியைப் பற்றி இருவர் பேசினால் இருவரும் கவலைப்படலாம், யாரையும் பொறுப்பாக்கக் கூடாது. அக்காலத்துக் கலந்துரையாடல்கள் பலவற்றில் எல்லோரும் எல்லோரோடும் இணங்கிப்போனதற்கு அவர்களுடைய சுபாவம் காரணமன்று.

பிறகு தனியார் வந்தார்கள். 2001-இல் பெங்களூரில் முதல் தனியார் பண்பலை நிலையம் தொடங்கி, 2003-இல் சென்னைக்கும் அது வந்தது. வானொலி மறுபடியும் இளைஞர்களுடைய கைக்கு வந்தது. தொலைபேசியில் நேயர் நேரே நிலையத்தோடு பேசும் வழக்கம் பெருகிற்று. சிறைப்புறத்தே நின்றவர் ஒருவழியாக உள்ளே வந்துவிட்டார் என்றே தோன்றும். ஆனால் வந்தவரிடம் என்ன கேட்கப்பட்டது? எங்கிருந்து பேசுகிறீர்கள், என்ன செய்கிறீர்கள், யாருக்காக எந்தப் பாட்டு வேண்டும். நிகழ்ச்சித் தொகுப்பாளர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களுள் வாக்கு வன்மை உள்ளவர்கள் அநேகர். குறை சட்டத்தில் இருக்கிறது. இந்தியாவில் தனியார் வானொலி நிலையம் எதுவும் சொந்தமாகச் செய்தியோ நடப்பு விவகாரமோ ஒலிபரப்பக் கூடாது. 2011-ஆம் வருஷத்துக் கொள்கைப்படி, அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அஞ்சல் செய்யலாம். போக்குவரத்து நெரிசல், மழை, பரீட்சை முடிவு, குடிதண்ணீர், மின்தடை இவற்றைப் பற்றி அறிவிக்கலாம். அதாவது, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லலாம். ஏன் வரவில்லை என்று விவாதித்தால் அது நடப்பு விவகாரமாகிவிடும்.

பத்திரிகை எழுதலாம், தொலைக்காட்சி இரவெல்லாம் கூச்சலிடலாம், எல்லாவற்றிலும் மலிவான, எழுத்தறியாதவரும் அணுகக்கூடிய வானொலிக்கு மட்டும் வாய்ப்பூட்டு என்பதற்கு நியாயம் எனக்கு விளங்கவில்லை. 1995 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட், வான் அலைகள் பொதுஜனங்களின் சொத்து என்றும், அவற்றைச் சர்க்காரோ தனியாரோ ஏகபோகமாக்கிக்கொள்ளக் கூடாதென்றும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கிரிக்கெட் பந்தயத்தை யார் ஒளிபரப்புவது என்ற வியாஜ்யத்தில் இந்தப் பெரிய தத்துவம் பிறந்தது நம் தேசத்துக்கே உரிய விசித்திரம். 2023 செப்டம்பரில் டிராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், தனியார் பண்பலை நிலையங்கள் மணிக்கு 10 நிமிஷம் செய்தியும் நடப்பு விவகாரமும் ஒலிபரப்ப அனுமதிக்கலாம் என்று சிபாரிசு செய்தது. பத்து நிமிஷம் சொற்பம்தான், பூஜ்யத்தைவிட மேல்.

தடையை எடுத்துவிட்டால் அமெரிக்காவின் கதி நமக்கும் வரும் என்று சிலர் அஞ்சுவார்கள். அந்த அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. அங்கே 1949 முதல், பொது முக்கியத்துவமுள்ள விவாதத்துக்குரிய விஷயங்களை நிலையங்கள் எடுத்துப் பேச வேண்டும், பேசினால் மாறுபட்ட பக்கங்களுக்கும் நியாயமான இடம் தர வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அங்குள்ள சுப்ரீம் கோர்ட் 1969-இல் அதன் ஒரு பகுதியை எதிர்த்து வந்த வழக்கில், ஒலிபரப்புகிறவருடைய உரிமையைக் காட்டிலும் கேட்பவருடைய உரிமையே பெரிது என்று சொல்லி விதியை நிலைநிறுத்தியது. 1987-இல் அந்த விதி ரத்துசெய்யப்பட்டது. அதைச் சட்டமாக்க அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய மசோதாவையும் ஜனாதிபதி ரீகன் தள்ளிவிட்டார். மறுவருஷம் ஆகஸ்டில் ரஷ் லிம்பா என்பவர் நியூயார்க்கிலிருந்து தினந்தோறும் தேசம் முழுவதற்கும் பேசத் தொடங்கினார். அவர் உச்சியில் இருந்தபோது 600-க்கும் மேற்பட்ட நிலையங்கள் அவர் குரலை வாங்கி ஒலிபரப்பின.

விதி போனதால் மட்டும் அவர் உண்டானார் என்று சொல்வது சரித்திரத்தைச் சுருக்குவதாகும். சங்கீதம் நல்ல ஒலியைத் தேடிப் பண்பலைக்குப் போய்விட்டபடியால் பழைய மத்திய அலை நிலையங்கள் காலியாகக் கிடந்தன. ஒரே நிகழ்ச்சியை விண்கோள் மூலம் நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு மலிவாக அனுப்ப முடிந்தது. 1996-ஆம் வருஷத்துச் சட்டம், ஒருவர் தேசம் முழுவதிலும் இத்தனை நிலையங்கள்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பையும் அகற்றியதால், ஒரு கம்பெனியே ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களை வாங்கிற்று. உள்ளூர்ச் சம்பாஷணைக்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுப்பதைவிட, எங்கிருந்தோ வரும் ஒரு குரலை வாடகைக்கு எடுப்பது லாபகரமாயிற்று. லிம்பாவின் நிகழ்ச்சியிலும் நேயர்கள் தொலைபேசியில் வந்தார்கள். ஆனால் வருகிறவர்களைப் பொறுக்கி எடுத்து, நிகழ்ச்சிக்கு மெருகு சேர்க்கக்கூடியவர்களை அனுமதிக்கும் சல்லடை ஒன்று வாசலில் இருந்தது. நம் கிராம நிகழ்ச்சியின் “அப்படிங்களா!” குடியானவருக்கும், அங்கே தொலைபேசியில் வந்து “நீங்கள் சொல்வது முற்றிலும் சரி” என்று சொன்ன நேயருக்கும் உத்தியோகம் ஒன்றே. ஒரு பக்கத்தில் சர்க்கார் எழுதிக் கொடுத்த ஆமோதிப்பு. மறுபக்கத்தில் வியாபாரம் வடிகட்டி எடுத்த ஆமோதிப்பு. ஆகையால் அமெரிக்காவின் அனுபவம் எனக்கு உணர்த்துவது, பேச்சைத் தடை செய்ய வேண்டும் என்பதன்று. மறுபேச்சுக்கு இடம் வைத்த விதியையும், நிலையங்கள் பல கைகளில் பரவியிருப்பதையும் காக்க வேண்டும் என்பதே.

நாட்டு நடப்பைப் பற்றித் தமிழில் தாராளமாகப் பேசிய ஒலிபரப்பு கடல்கடந்து வந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1941 மே 3-ஆம் தேதி யுத்த காலத்தில் வாரச் செய்தி மடலாகத் தொடங்கிய லண்டன் தமிழ் ஒலிபரப்பு, 2017 ஏப்ரல் 30-ஆம் தேதி சிற்றலையில் நின்றுபோகும் வரையில், முக்கியமாக இலங்கைத் தமிழர்களுக்கு, தங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்பதைத் தூரதேசத்திலிருந்து தெரிந்துகொள்ளும் வழியாக இருந்தது. பதுங்கு குழியின் ஓரத்தில் பெட்டியை வைத்துக் காதைக் கொடுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். தன் ஊர்ச் செய்தியை ஏழு கடல் தாண்டிக் கேட்க நேர்வது ஒரு ஜனசமூகத்துக்குப் பெருமை தருவதாகாது.

இனி, நம் கையிலேயே இருக்கும் ஒரு சாதனத்தைச் சொல்கிறேன். கல்வி ஸ்தாபனங்கள் சிறு அளவில் சமுதாய வானொலி நடத்தலாம் என்று 2002-இல் அனுமதி கிடைத்து, 2004 பிப்ரவரி 1-ஆம் தேதி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தேசத்தின் முதல் வளாக வானொலி தொடங்கியது. 2006-இல் தொண்டு ஸ்தாபனங்களுக்கும் இவ்வனுமதி நீட்டப்பட்டது. பாம்பனில் 2016-ஆம் வருஷம் சுதந்திர தினத்தன்று தொடங்கிய கடல் ஓசை என்ற நிலையம், மீனவர்களுக்கென்றே, மீனவர் குடும்பங்களைச் சேர்ந்தவர்களையே பேச வைத்து நடப்பது. காற்று எந்தப் பக்கம், கடலுக்குப் போகலாமா, என்ன மீன் என்ன விலை என்ற பேச்சை அங்கே கடலுக்குப் போகிறவர்களே நடத்துகிறார்கள். இந்நிலையங்களுக்கு அனுமதிக்கப்பட்ட சக்தி அநேகமாக 100 வாட். அது பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாது. அந்தச் சிறுமைதான் அதன் பலம். பேசுகிறவரை நாளைக்குச் சந்தையில் பார்த்து, “நேற்று நீ சொன்னது தப்பு” என்று சொல்ல முடிகிற தூரம் அது. ஆனால் இவற்றுக்கும் சொந்தச் செய்தி ஒலிபரப்பத் தடை உண்டு; இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகைப் பற்றிப் பாம்பன் மீனவர் பாம்பன் வானொலியில் விவாதிப்பதற்குக்கூட இந்த விதி குறுக்கே நிற்கிறது.

ஆகவே மூன்று விண்ணப்பங்களோடு நிறுத்திக்கொள்கிறேன். சமுதாய வானொலிக்கும் தனியார் வானொலிக்கும் நடப்பு விவகாரம் பேசும் உரிமையை, மாற்றுக் கட்சிக்கு இடம் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு சர்க்கார் வழங்க வேண்டும். ஒலிபரப்பு உரிமை பெறத் தகுதி இருந்தும் விண்ணப்பம் செய்யாமல் இருக்கும் நம் கல்லூரிகள் விண்ணப்பம் செய்ய வேண்டும். பெற்ற கல்லூரிகள் அதில் பிரமுகர்களின் வாழ்த்துரைகளை ஒலிபரப்புவதைக் குறைத்துக்கொண்டு, சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய்ப் பூனாவைப்போல் மன்றங்கள் அமைத்துக் கேள்விகளை வாங்கி வரவேண்டும். மூன்றாவது, இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களுக்கு. இந்த வாரம் வானொலியில் ஏதாவதொரு பேச்சைக் கடைசிவரை கேளுங்கள். கேட்டபின் அந்த நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பாராட்டுக் கடிதங்கள் அவர்களுக்கு நிறைய வருகின்றன. நீங்கள் ஒரு கேள்வி கேட்டு எழுதுங்கள், பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள்.